பை நிறையக் கூடாது என்று

எனக்குச் சும்மா உட்கார வராது. டிவி பார்க்கும்போதுகூடக் கை கீரை ஆய்ந்துகொண்டிருக்கும். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் நான் லைன் லீடர். மற்ற பெண்கள் நின்ற இடத்தில் நின்று வேலை பார்ப்பார்கள். நான் மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். அப்படிப்பட்டவளை இப்போது வடக்குப்பட்டு வீட்டில் ஓய்வெடு என்று உட்காரவைத்திருக்கிறார்கள். எத்தனை தடவைதான் அலமாரியை அடுக்குவது? அதனால் எழுதுகிறேன். என்னைப் போல வயிற்றில் பையோடு இருப்பவர்கள் படித்தால் நல்லது. கம்பெனிக்குப் போகும் பெண்கள் படித்தால் இன்னும் நல்லது.

எல்லாம் காய்ச்சலில்தான் ஆரம்பித்தது. காலையில் விடும், சாயங்காலம் வரும். மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனேன். புது மாடல் இறங்கும் நேரம், லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிக்கொள்வார். அவரைவிட எனக்குத்தான் அவசரம். நான் இல்லாவிட்டால் லைன் ஓடாது என்று ஒரு நினைப்பு. டாக்டரிடம் காட்டு காட்டு என்று வீட்டுக்காரர் ஏழுமலை சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் வயிற்றில் கத்தியால் கீறியது போல ஒரு வலி. நிமிர முடியவில்லை. ஏழுமலை கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். அதே வேனில் பின் சீட்டில் என்னைப் படுக்கவைத்து தாம்பரம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அவர் "ஸாரிமே, ஸாரிமே" என்றது மட்டும் நினைவிருக்கிறது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் விஷயத்தை நேராகச் சொன்னார். டைபாய்டு காய்ச்சல் முற்றிச் சிறுகுடலில் ஓட்டை விழுந்திருக்கிறது. குடலுக்குள் இருக்கவேண்டியது வயிற்றுக்குள் கொட்டிச் சீழ் பிடித்திருக்கிறது. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். ஏழுமலை கையெழுத்துப் போட்டதை நான் ஸ்ட்ரெச்சரிலிருந்து பார்த்தேன். எங்கே போடுவது என்று நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

கண் விழித்தபோது வயிற்றின் வலது பக்கம் ஏதோ கனமாகத் தொங்கியது. கையை வைத்தேன். வழவழவென்று ஒரு பை, உள்ளே வெதுவெதுப்பாக ஏதோ இருந்தது. என்ன என்று புரிந்ததும் கையை இழுத்துக்கொண்டேன். ஓட்டை விழுந்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றுத் தோலின் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருந்தார்கள். அந்த வாய்க்குத்தான் ஸ்டோமா என்று பெயர். மலம் அந்த வழியாகத் தானாக வந்து பையில் விழும். அடக்கவும் முடியாது, முக்கவும் முடியாது. உள்ளே எல்லாம் ஆறிய பிறகு, உடம்பு தேறியிருந்தால் குடலைத் திரும்ப இணைத்து வாயை மூடிவிடலாம் என்றார் டாக்டர். "தேறியிருந்தால்" என்பதை அவர் அழுத்திச் சொன்னார். எனக்கு "மூடிவிடலாம்" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எப்போது மூடுவீர்கள், எப்போது மூடுவீர்கள் என்று ரவுண்ட்ஸ் வருகிறவர்களை எல்லாம் நச்சரித்தேன்.

ஆனால் அதை ஏறெடுத்துப் பார்க்க மட்டும் மனசு வரவில்லை. நர்ஸ் பையைக் காலி செய்யும்போது ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாடை வந்தால் அழுகை வரும். பக்கத்து பெட் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாரோ என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். அந்த அம்மா பாவம், நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பார். ஏழுமலை ஒருநாள் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டாராம்.

"யோவ், சொல்லாம கொள்ளாம இன்னாயா இது?"

"உனுக்கு வவுத்துல போச்சு, எனுக்குத் தலைல போச்சு. ரெண்டும் வந்துரும், வுடு" என்றார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வலியில் உயிர் போனது.

பையோடு வாழ எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜெனி சிஸ்டர். ஸ்டோமா போட்டவர்களைக் கவனிக்க என்றே அந்த ஆஸ்பத்திரியில் இருக்கும் நர்ஸ். வந்ததும் என் போனை வாங்கி அதில் ஒரு ஆப் ஏற்றினார். "வீட்டுக்குப் போனப்புறம் நான் கூட இருக்க முடியாது. இது இருக்கும்" என்றார். பையைக் காலி செய்யும்போதெல்லாம் அளவுக் குவளையில் பிடித்து எவ்வளவு என்று அதில் போட வேண்டும். நாள் முழுக்க வந்தது ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் சிவப்பு காட்டும், குறைவாக இருந்தால் பச்சை. பை மாற்றும்போது ஸ்டோமாவைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். உதட்டின் உள்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக இருந்தால் நல்லது. கறுத்துப்போனால் உடனே ஓடிவர வேண்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை எப்போது குடிக்க வேண்டும் என்றும் அது சொல்லும். குடித்ததும் ஒரு கட்டத்தைத் தொட வேண்டும். நான் போடுவதெல்லாம் ஜெனி சிஸ்டருக்கும் ஏழுமலையின் போனுக்கும் போகும்.

போட்டோ எடுக்கத்தான் முதல்முதலாக அதைப் பார்த்தேன். நேராகப் பார்க்கத் தைரியம் இல்லாமல் போன் திரையில் பார்த்தேன். சின்னதாக, சிவப்பாக ஒரு மொட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லச் சுருங்கி விரிந்தது. பயந்தவளுக்கு ஏனோ அதன்மேல் இரக்கம் வந்தது.

அந்த ஆப்பின் குரலை எங்கள் வீட்டில் யாரும் மறக்க முடியாது. "வணக்கம். நீங்கள் நீர் அருந்தும் நேரம் இது" என்று செய்தி வாசிப்பது போல ஒரு பெண் குரல். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது ஒருமுறை கத்திவிட்டது. முன்னால் நின்ற பெரியவர் திரும்பி எனக்கு வணக்கம் வைத்தார்.

"போமே, உன் மாமியா கூப்டுது பார்" என்பார் ஏழுமலை. "எங்கம்மா உயிரோட இருந்தாக்கூட இம்மாம் தபா தண்ணி குடுத்திருக்காது."

கிண்டல் செய்தாலும் வேலையில் அவர் குறை வைக்கவில்லை. பையின் ஒட்டும் தகட்டில் ஸ்டோமாவின் அளவுக்குச் சரியாக ஓட்டை வெட்ட வேண்டும். பெரிதாகிவிட்டால் இடைவெளியில் கசிந்து தோல் வெந்துபோகும். முதல் வாரம் நான் வெட்டியது அப்படித்தான் ஆனது. படுக்கை முழுக்கக் கசிந்து, வயிறு தீயாய் எரிந்தது. போட்டோ அனுப்பியதும், வெட்டு பெரிது, இன்னும் நெருக்கமாக வெட்டுங்கள் என்று ஜெனி சிஸ்டரிடமிருந்து பதில் வந்தது. ஏழுமலை அட்டைப்பெட்டியில் வெட்டி வெட்டிப் பழகினார். வேனுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிற கை, சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. விலை கொடுத்து வாங்கும் பை, வீணாகக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுவார். அவருக்கு அருவருப்பாக இல்லையா என்று கேட்க வாய் வரும், கேட்க மாட்டேன். கேட்காமலேயே ஒருநாள் சொன்னார். "வேன்ல வாந்தி எடுக்காத ஆளே கெடையாது. தொடச்சிகினுதான் ஓட்டுறேன். நீ இன்னா புதுசா?"

அடுத்த பரிசோதனையில், ரத்தமும் எடையும் நன்றாக இருந்தால் அடுத்தமுறை வரும்போது மூடும் தேதி பார்க்கலாம் என்றார் டாக்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் வீட்டுச் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்திருந்தது. என் இடத்தில் வேறொருத்தியை லீடராக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. டாக்டரிடம் கெஞ்சி, கனம் தூக்காமல் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மட்டும் சீட்டு வாங்கினேன். ஏழுமலை அன்று என்னோடு பேசவில்லை.

இங்கேதான் என் கதையில் வினை நுழைந்தது. அதைப் புரிந்துகொள்ள எங்கள் லைனைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். லைனில் ஒருத்தி நகர்ந்தால் அவள் இடத்தில் இன்னொருத்தி நிற்க வேண்டும். அப்படி நிற்பவளுக்கு ரிலீவர் என்று பெயர். பல லைனுக்குச் சேர்த்து ஒரே ரிலீவர். பாத்ரூம் போக வேண்டுமென்றால் லீடரிடம் கேட்டு, ரிலீவர் வரும்வரை காலைப் பின்னிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் எங்களில் யாரும் ஷிப்டில் தண்ணீர் குடிப்பதில்லை. தொண்டை காய்ந்தால் வாயை நனைத்துக்கொள்வோம். எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை. புதிதாக வருகிற பெண்ணுக்கு ஒயரை எந்தத் துளையில் சொருகுவது என்று கற்றுக்கொடுக்கும்போதே இதையும் கற்றுக்கொடுத்துவிடுவோம். என் லைனில் கற்றுக்கொடுத்தது நான்தான்.

பையோடு போனபோதும் உடம்பு அந்தக் கணக்கையே போட்டது. தண்ணீர் குடித்தால் பை நிறையும். பை நிறைந்தால் எழுந்து போக வேண்டும். வீங்கிய பை யூனிஃபார்முக்கு வெளியே தெரியும். அதனால் காலையில் வீட்டிலேயே தண்ணீரை நிறுத்தினேன். போனைக் கேட்டிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள் என்பதால் மாமியார் குரலும் இல்லை. சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் அளவைப் போடுவேன். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. பச்சை, பச்சை, பச்சை. லைனில் ரிஜெக்ட் ஆகும் கட்டுகள் குறையும்போது வருகிற அதே சந்தோஷம். குடல் கட்டுக்குள் வந்துவிட்டது, இந்தத் தடவை டாக்டரே அசந்துபோவார் என்று நினைத்தேன். தண்ணீருக்கான கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. அவற்றை நான் பார்க்கவேயில்லை. ஏழுமலையும் பச்சையைப் பார்த்து நிம்மதியாக இருந்தார்.

ஜெனி சிஸ்டர் பார்த்தார். ஒரு மதியம் எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறார்: அளவு இவ்வளவு குறைந்திருக்கிறதே, தண்ணீர்க் கட்டம் ஏன் காலி, தலை சுற்றுகிறதா, சிறுநீர் போகிறதா? போன் கேட்டில் கிடந்தது. பதில் வராமல் போகவே ஏழுமலையைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் மணிமங்கலத்துப் பக்கம் இருந்தவர் வேனைத் திருப்பிக்கொண்டு நேராக எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே விட முடியாது, ஷிப்ட் முடிந்து வரட்டும் என்று செக்யூரிட்டி சொல்ல, "உள்ள கீறது என் பொண்டாட்டி, சார். இட்டாரியா, நானே பூந்து போகட்டுமா?" என்று கத்தியிருக்கிறார். கடைசியில் செக்யூரிட்டி சூப்பர்வைசருக்குப் போன் அடித்தார்.

சூப்பர்வைசர் என் மேசைக்கு வந்து, "நிர்மலா, உங்க வீட்டுக்காரர் கேட்ல நிக்கிறாரு" என்றார். எழுந்தேன். காலையிலிருந்தே இரண்டு கெண்டைக்காலும் முறுக்கிக்கொண்டிருந்தது. நான்கு அடி வைத்ததும் வெளிச்சம் மஞ்சளாகி, தரை எழும்பி வந்தது. விழுந்தபோது எனக்குத் தோன்றிய ஒரே நினைப்பு, பை கிழிந்துவிடக் கூடாது என்பதுதான். அது கிழியவில்லை. கிழிந்திருந்தாலும் கொட்ட ஒன்றும் இல்லை, காய்ந்து கிடந்தது.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே வாடை. ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கிவிட்டதற்கு அது அடையாளம். உப்பும் இறங்கிவிட்டது, அதனால்தான் கால் முறுக்கியது. ஒரு கையில் சலைன், மறு கையில் ஊசி.

ஜெனி சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். "தண்ணியையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்குக் குடுக்கிறது பெருங்குடல். உங்களுக்கு அந்த வழி இப்ப மூடியிருக்கு. நீங்க குடிக்காட்டியும் சிறுகுடல் உடம்புல இருக்கிற தண்ணியை எடுத்து வெளிய தள்ளிக்கிட்டேதான் இருக்கும். எடுக்க ஒண்ணும் இல்லாமப் போனதாலதான் பை காஞ்சுச்சு. அளவைக் குறைக்கணும்னா சாதம், வாழைப்பழம்னு கெட்டியா சாப்பிடணும். தண்ணியை நிறுத்தக் கூடாது."

"பச்சைதானே சிஸ்டர் காட்டுச்சு?"

"ஒரு கட்டம் பச்சை. இன்னொரு கட்டம்?"

தண்ணீர்க் கட்டங்கள் வரிசையாகக் காலியாகக் கிடந்தது அப்போதுதான் உறைத்தது. மூடுவது தள்ளிப்போனது. எவ்வளவு நாள் என்று டாக்டர் சொல்லவில்லை. சிறுநீரகம் சொல்லட்டும் என்றார். அன்று போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஏழுமலை திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் டம்ளரில் உப்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே, "நானும் பச்சையத்தான்மே பாத்துகினு இருந்தேன்" என்றார்.

என் லைனிலிருந்து மாரிச்செல்வி பார்க்க வந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். நான்கு பேரோடு ஒரு ரூமில் வாடகைக்கு இருக்கிறாள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். உதடு வெடித்து, தோல் உரிந்திருந்தது.

"என்னக்கா, இப்படி மெலிஞ்சிட்டிய?"

"என்னை வுடு. நீ இன்னிக்கு எவ்ளோ தண்ணி குடிச்ச?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "ரூமுக்குப் போயி குடிச்சுக்கிடுவேங்க்கா. அடிக்கடி நீர்க்கடுப்பு வருது, அதுக்கு மாத்திரை வச்சிருக்கேன். நீங்கதான சொல்லிக் குடுத்திய, லைன்ல நிக்கையில தொண்டைய நனைச்சா போதும்னு."

அவள் குற்றம் சொல்லவில்லை. நல்லது சொல்லிக்கொடுத்த அக்கா என்ற நன்றியோடுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. கட்டில் பக்கத்து மேசையிலிருந்த உப்புத் தண்ணீரை அவளிடம் நீட்டி, முழுக்கக் குடிக்கும்வரை விடவில்லை. "உவ்வே, கடல் தண்ணியாட்டம் இருக்கு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

வீட்டுக்கு வந்தபின் மாமியார் குரல் கேட்டதும் மறுபேச்சில்லாமல் குடித்தேன். இரண்டு கட்டத்தையும் சேர்த்துப் பார்க்கப் பழகினேன். பை நிறைந்தால் நிறையட்டும் என்று இருக்க மனதைப் பழக்குவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பழைய உடம்பு டம்ளரைக் கண்டாலே வேண்டாம் என்று சொன்னது. ரத்தம் எடுக்கப் போன ஒவ்வொரு தடவையும், முடிவு வரும்வரை காத்திருக்கும் கூடத்தில் உட்கார முடியாமல் நடந்தேன். சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தை மனப்பாடம் செய்துவிட்டேன்.

போன வாரம் முடிவு வந்தது. கிரியாட்டினின் சரியாகிவிட்டது, எடையும் ஏறியிருந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆனால் தேதி சொல்லவில்லை.

"மூடினப்புறம் முதல் சில வாரம் நாளைக்கு அஞ்சாறு தடவை போக வேண்டியிருக்கும்மா. இளகிப் போகும். சொல்லிக்கிட்டு வராது, வந்தா நிக்காது. லைன்ல விடுவாங்களா?"

ரிலீவருக்காகக் காலைப் பின்னிக்கொண்டு நிற்கும் பெண்கள் கண்ணில் வந்தார்கள்.

"எனக்கு ஆபரேஷன் பயமில்ல. நீங்க மறுபடி அங்க போய் நின்னு, போகக் கூடாதேன்னு தண்ணியை நிறுத்துவீங்க. சாப்பாட்டையும் நிறுத்துவீங்க. அப்புறம் சிறுநீரகம் தாங்காது. அதுக்குப் பை இருக்கிறதே மேல். இன்னும் ஒரு வருஷம்கூட இருக்கலாம்."

ஒரு வருஷம் என்றதும் ஏழுமலை என் தோளைப் பிடித்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் உடனே தேதி கொடுத்திருப்பார். வாய்வரை வந்தது. ஆனால் நான் விட்டால் அந்த இடத்தில் இன்னொருத்தி நிற்பாள். அவளும் புதுப் பெண்களுக்குத் தொண்டையை மட்டும் நனைக்கக் கற்றுக்கொடுப்பாள்.

"விடுவாங்களான்னு கேக்க மாட்டேன் சார்" என்றேன். "சொல்லிட்டு எழுந்து போவேன்."

"உங்க இடத்துல யார் நிப்பா?"

"யாராவது நிக்கட்டும். இல்லாட்டி லைன் நிக்கட்டும் சார். நான் லீடர், மத்த பொண்ணுங்க போகும்போது அவங்க இடத்துல நான் நிப்பேன்."

டாக்டர் மேசைக் காலண்டரை என் பக்கம் திருப்பி வைத்து, "எந்த நாள் வசதிம்மா?" என்றார்.